அம்மாவோடு பெரனாக்கான் மாளிகை பார்த்தோம், அடுத்து எந்த வீட்டுக்குப் போகலாம்?

செந்தாழை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். தாத்தா மாடு வைத்திருந்தார். விடிவதற்குள் கறந்து, சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு நார்தம் ரோட்டுப் பெரிய வீடுகளுக்கு ஊற்றப் போவார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அம்மாவும் முன்கம்பியில் ஏறிக்கொள்வாராம். எந்த வீடாக இருந்தாலும் பின்வாசல்தான். சமையல்கார அம்மா குண்டானை நீட்டுவார், தாத்தா அளந்து ஊற்றுவார், அப்படியே பின்சந்து வழியாக அடுத்த வீடு. "எத்தனை வீட்டு அடுப்படி எனக்குத் தெரியும், ஒரு வீட்டு முன்கூடம்கூடத் தெரியாது" என்று அம்மா அடிக்கடி சொல்வார்.

அதை எத்தனையோ வருஷம் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். போன சனிக்கிழமை கிராப் வாடகைக் கார் பிடித்து சர்ச் ஸ்திரீட் பெரனாக்கான் மாளிகைக்குக் கூட்டிப் போனேன். பச்சைச் சுவர் வீடு, பார்த்திருப்பீர்கள். பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறி, மலாய்ப் பழக்கமும் கலந்துவிட்ட சீனர்கள்தான் பெரனாக்கான்; ஆண்களைப் பாபா, பெண்களை நியோன்யா என்பார்கள். வாசலில் நின்று "செருப்பைக் கழட்டணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படியும் மிதியடியில் இரண்டு காலையும் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

உள்ளே நடு முற்றம், மேலே வானம், சுற்றிலும் வார்ப்பிரும்புத் தூண்கள். பொன் பூசிய மரச் செதுக்குக் கதவுகள். முத்துச்சிப்பி பதித்த நாற்காலிகள் வரிசையாக. சீனச் சாப்பாட்டுக்கு ஒரு அறை, வெள்ளைக்காரர் விருந்துக்கு ஒரு அறை. நான் மேலே விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூ ஓடுகளில் கோடு எங்கே சேர்கிறது என்று குனிந்து குனிந்து பார்க்கிறார்.

மாடியில் கல்யாண அறை. கட்டில், திரை, பூவேலை எல்லாம் பார்த்து முடித்து, கண்ணாடிக்குள் வைத்திருந்த மணிச் செருப்புகளிடம் வந்தோம். அங்கேதான் அம்மா நின்றுவிட்டார். பால் ஊற்றப் போன ஒரு வீட்டில் வயதான நியோன்யா ஒருவர் பின்கட்டில் சட்டம் வைத்து மணி கோத்துத் தைத்துக்கொண்டிருப்பாராம். அம்மா போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கும். ஒரு பூவும் பறவையின் வாலும் வந்திருந்தபோது லீவு முடிந்துவிட்டது. "அந்தப் பறவைக்குத் தலை எந்தப் பக்கம்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். இப்பத்தான் முழுசாப் பார்க்கிறேன்" என்றார். அது வேறு செருப்பு, எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நின்றோம்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து "இன்னும் இந்த மாதிரி வீடு எங்க இருக்கு?" என்று கேட்கிறார். முட்டி வலி உண்டு, ரொம்பப் படி ஏற முடியாது. நீல மாளிகையா, கெல்லீஸ் காசலா, வேறு ஏதாவதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தீவுக்காரன் எழுதியது:

அக்கா, அந்தச் செருப்புக்குக் காசுட் மானெக் என்று பெயர். அரிசியைவிடச் சின்னக் கண்ணாடி மணிகள், ஐரோப்பாவிலிருந்து வந்தவை. பிடாங்கான் என்ற மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு மணியாகத் தைக்க வேண்டும். கல்யாணப் பெண் மாப்பிள்ளைக்குத் தன் கையால் தைத்துக் கொடுப்பது பெரனாக்கான் வழக்கம். பெண்ணின் பொறுமையையும் கைத்திறனையும் மாப்பிள்ளை வீட்டார் அதில்தான் பார்ப்பார்கள். அம்மா நின்றது சரியான இடத்தில்தான்.

வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பலர் அதைக் கட்டியவர் ஒரு பாபா என்று நினைக்கிறோம். கட்டியவர் சுங் கெங் குவீ, கப்பித்தான் என்ற சீனர் தலைவர் பட்டம் பெற்றவர். அவர் பாபா இல்லை, சீனாவிலிருந்து வந்த ஹக்கா என்ற சீனப் பிரிவினர். 1890களில் கட்டிய வீடு, அவர் வைத்த பெயர் ஹாய் கீ சான். பக்கத்திலேயே குடும்பத்தின் மூதாதையர் கோயில் இருக்கிறது, அதையும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். இப்போது உள்ளே இருக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெரனாக்கான் சாமான்கள் பிற்காலத்தில் சேகரித்து வைக்கப்பட்டவை. ஆக, வீடு ஹக்காக்காரர் வீடு, சாமான் பாபா நியோன்யா வீட்டுச் சாமான். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் குழப்பம் வராது.

தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்தவை. அம்மா குனிந்து பார்த்த ஓடுகள் இங்கிலாந்தின் ஸ்டோக் ஆன் டிரென்ட்டிலிருந்து கப்பலில் வந்தவை. பினாங்கு ரோட்டில் செண்டோல் என்ற தேங்காய்ப்பால் இனிப்பு குடிக்க வரிசையில் நிற்கிறோமே, அந்தக் கெங் குவீ சந்து இவர் பெயரில்தான் இருக்கிறது.

ஓய்வு ஆசிரியர் எழுதியது:

மகளே, உங்கள் பதிவைப் படித்ததும் மனம் நெகிழ்ந்துவிட்டது. தம்பி தீவுக்காரன் சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன், அழகை மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது என்பதால்.

சுங் கெங் குவீ ஹாய் சான் என்ற சீன ரகசியச் சங்கத்தின் தலைவர். பேராக் லாருட்டில் ஈயச் சுரங்கங்களுக்காக ஹாய் சானும் எதிரிச் சங்கமான கீ ஹின்னும் 1861இலிருந்து 1874 வரை அடித்துக்கொண்டார்கள். செத்தவர்கள் யார்? சீனாவிலிருந்து கடனில் கப்பலேறி வந்த கூலிகள். 1874 பங்கோர் உடன்பாட்டுக்குப் பிறகுதான் சண்டை ஓய்ந்தது, ஊருக்குத் தைப்பிங் என்று பெயர் வந்தது, அமைதி என்று பொருள்படும் பெயர். பின்னாளில் கீ ஹின்னின் கூடம் இருந்த இடத்தையே வாங்கித்தான் அவர் சர்ச் ஸ்திரீட்டில் வீடு கட்டினார். அந்த முன்வாசலுக்கு இப்படி ஒரு பொருளும் உண்டு.

இன்னொன்று அபின் குத்தகை. அபின் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலம் விடும். பணக்காரர் ஏலம் எடுப்பார். சுரங்கக் கூலி வாங்கிய சம்பளத்தை அபினுக்குக் கொடுப்பான், சம்பளம் முதலாளி வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். சுங் கெங் குவீ இந்தக் குத்தகையை எடுத்தவர். லெய்த் ஸ்திரீட் நீல மாளிகைக்காரர் சியோங் பாட் ஸேயும் அப்படித்தான். பொன் பூசிய கதவுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு. போய்ப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டும், பேரப்பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

செந்தாழை எழுதியது:

நன்றி சார். நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "பணம் எப்படி வந்துச்சோ, அது அவங்க கணக்கு. செருப்பு தைச்ச கை பொம்பளைக் கை. அதுக்கு அவங்க யாருகிட்டயும் கடன்பட்டிருக்க மாட்டாங்க" என்றார்.

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

ஆத்தங்குடி எழுதியது:

அம்மா தரையைப் பார்த்தார் என்று எழுதியிருந்தீர்கள் தங்கச்சி, அதற்காகவே இந்தப் பதிவு.

என் ஐயா பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கியில் வட்டிக்கடைக் கணக்கெழுதியவர். ஊர் காரைக்குடிப் பக்கம். சின்ன வயதில் ஊர் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். பெரனாக்கான் மாளிகைக்குள் முதல்முறை போனபோது எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. முகப்பைத் தாண்டினால் வளவு, வளவு நடுவில் முற்றம், மழை உள்ளேயே விழும், சுற்றிலும் அறைகள், இரண்டாங்கட்டு, அதற்குப் பின்னால் அடுப்படி. கல்யாணம் என்றால் முன்கட்டில் ஆண்கள், பின்கட்டில் பெண்கள். சீனர் வீடும் இதே வரிசைதான். மழைநீர் வீட்டுக்குள் விழுவதை அவர்கள் செல்வம் வருகிறது என்கிறார்கள். எங்கள் ஆயாவும் முற்றத்தில் அண்டா வைத்து முதல் மழையைப் பிடித்து, லட்சுமி வந்துவிட்டாள் என்பார்.

சாமான் வந்த வழியும் ஏறக்குறைய ஒன்றுதான். செட்டிநாட்டு வீட்டில் தூணுக்கும் உத்தரத்துக்கும் பர்மாத் தேக்கு, இரும்பு சீமையிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. அதே காலம், அதே கப்பல் வழி. ரங்கூனிலும் பினாங்கிலும் சம்பாதித்த காசு ஊரில் வீடாக நின்றது. ஆசிரியர் ஐயா சொன்ன கணக்கு எங்களுக்கும் உண்டு, மறுக்க மாட்டேன். வட்டிக் காசும் அந்தத் தூண்களில் இருக்கிறது.

ஆனால் தரை மட்டும் வேறு. ஸ்டோக் ஓடு சூளையில் சுட்ட களிமண். ஆத்தங்குடிக் கல் சுடுவதே இல்லை. ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் இரும்புச் சட்டம், உள்ளே அச்சு. வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கண்ணாடி தானாக விட்டுவிடும், அந்த வழவழப்பு கல்லில் நிற்கும். நடக்க நடக்கப் பளபளக்கும். சுவருக்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பூசிக் கல்லால் தேய்ப்பார்கள், கை வைத்தால் குளிரும். அம்மா தரையை ரசிப்பவர் என்றால் ஒருமுறை காரைக்குடிக்கும் கூட்டிப் போங்கள்.

தண்ணீர்மலையான் எழுதியது:

எல்லாரும் இவ்வளவு உருகுகிறீர்கள், எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை. போன வருஷம் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டிக் குடும்பத்தோடு போனோம். ஒரே நாளில் நான்கு வீடு, ஒரு கோயில், ஒரு மசூதி. ஒவ்வொரு இடத்திலும் 40 நிமிஷம். மூன்றாவது வீட்டில் என் மகன் "இதே நாற்காலியைத்தான் காலையிலும் பார்த்தோம்" என்றான். எனக்கும் எது எந்த வீடு என்று நினைவே இல்லை. கொடுத்த வெள்ளிக்குக் கிடைத்தது அலைச்சல்தான். இவ்வளவு செலவு செய்து பழைய மரச்சாமான் பார்ப்பதில் என்ன இருக்கிறது, யாராவது சொல்லுங்கள். நான் நிஜமாகவே கேட்கிறேன்.

ஆத்தங்குடி எழுதியது:

தம்பி, வீட்டின் மேல் குறை இல்லை, 40 நிமிஷத்தின் மேல்தான். ஒரு நாளைக்கு ஒரே வீடு, அதிலும் ஒரே அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற அறைகளில் சும்மா நடந்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு அறையில் உட்கார இடம் இருந்தால் உட்காருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அந்தக் காலத்தில் இந்த அறையை யார் கூட்டிப் பெருக்கியிருப்பார்கள், விளக்கை யார் ஏற்றியிருப்பார்கள் என்று மகனிடம் கேளுங்கள். பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள்.

கோலாலம்பூர் வாணி எழுதியது:

செந்தாழை அக்கா, எப்போதாவது கே.எல். வந்தால் பழைய இஸ்தானா நெகாராவைப் பாருங்கள், ஜாலான் இஸ்தானாவில் இருக்கிறது. சான் விங் என்ற ஈயச் செல்வந்தர் 1928இல் தம் குடும்பத்துக்குக் கட்டிய வீடு. ஜப்பான்காரன் காலத்தில் ராணுவ அதிகாரிகள் இருந்தார்கள், அப்புறம் சிலாங்கூர் சுல்தான் இருந்தார், 1957 முதல் 2011 வரை மாமன்னரின் அரண்மனை. 2013இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சிம்மாசன மண்டபம், விருந்து மண்டபம், மாமன்னர் குடும்பம் புழங்கிய அறைகள் என்று போகும். மஞ்சள் நிறம் கண்ணைப் பறிக்கும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வாசலில் குதிரைக் காவலரோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம், கேட்டுக்கு உள்ளே போக முடியாது. அதனால் உள்ளே கால் வைத்தபோது உங்கள் அம்மா மாதிரிதான் எனக்கும் இருந்தது. கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்துகாஜா பேரன் எழுதியது:

அக்கா, கெல்லீஸ் காசல் என்று எழுதியிருந்தீர்கள். அது பேராக்கில், எங்கள் ஊர் பத்துகாஜா பக்கம்தான். என் பாட்டனார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். அதனால் இந்த இடத்தைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே அலங்கார அறை எதுவும் கிடையாது. பொன் இல்லை, திரை இல்லை, கட்டில் இல்லை. கட்டி முடிக்காமலே நின்றுபோன கோட்டை அது. வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் என்ற ஊரிலிருந்து 1890இல், 20 வயதில் மலாயா வந்தவர். காடு வெட்டும் குத்தகையில் காசு சேர்த்து, இங்கே ஆயிரம் ஏக்கர் வாங்கி ரப்பரும் ஈயமும் போட்டார். 1909இல் முதல் வீடு. 1915இல் மகன் பிறந்ததும் அதை ஒட்டியே கோட்டை கட்டத் தொடங்கினார். மதராசிலிருந்து கொத்தனார்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்தார். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்தே கப்பலில் வந்தன. வளைவுகளைப் பார்த்தால் மதராஸ் ஐகோர்ட்டின் சாயல் தெரியும், காரணம் இதுதான்.

அப்புறம் 1918, ஸ்பானிஷ் காய்ச்சல். உலகமே செத்துக்கொண்டிருந்தது, இங்கே வேலை செய்த நம் ஆட்களும் செத்தார்கள். மிஞ்சியவர்கள் துரையிடம் போய், மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும், அவள் கோபம் தணிந்தால்தான் வேலை நடக்கும் என்றார்கள். துரை சம்மதித்தார். கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கோயில் எழுந்தது. கோயிலின் மேலே, சாமிச் சிலைகளுக்கு நடுவில், வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஒரு துரை நிற்பார். அது கெல்லி துரைதான் என்று தாத்தா காட்டுவார்.

1926 டிசம்பரில் அவர் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் நிமோனியா வந்து இறந்துபோனார். மனைவி தோட்டத்தை விற்றுவிட்டார், திரும்பி வரவில்லை. கோபுரத்தில் மின்தூக்கிக்கென்று விட்ட குழி அப்படியே வெறுமையாக இருக்கிறது. மலாயாவின் முதல் மின்தூக்கியாக இருந்திருக்கும் என்பார்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் பேய் இருக்கிறதா, சுரங்கப் பாதை எங்கே என்றுதான் கேட்கிறார்கள். யாரும் கோயிலுக்குப் போவதில்லை. எனக்கு மனசு வலிக்கும். பூசப்படாத சுவர்களில் செங்கல் வரிசை வெளியே தெரியும். ஒரு இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். மேலே காரை பூசியிருந்தால் இது தெரிந்திருக்காது. அலங்காரம் முடியாமல் போனதால்தான் நம் கொத்தனாரின் வேலை இன்றைக்கும் வெளியே நிற்கிறது. மற்ற மாளிகைகளில் கட்டியவன் பொன் பூச்சுக்குப் பின்னால் போய்விட்டான், இங்கே அவன்தான் தெரிகிறான்.

முட்டி வலிக்கு: ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மேடு ஏற வேண்டும், மாடிப்படி குறுகல். அம்மாவுக்குக் கீழ்த்தளம் போதும். காலை 10 மணிக்கு முன் வந்தால் வெயில் இருக்காது.

ஓய்வு ஆசிரியர் எழுதியது:

பேரா, "அவன்தான் தெரிகிறான்" என்று எழுதினாயே, அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. பல தடவை மாணவர்களை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். செங்கல்லைத் தொட்டுப் பாருங்கள் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

தண்ணீர்மலையான் எழுதியது:

ஆத்தங்குடி அண்ணே, நேற்று மகனோடு பெரனாக்கான் மாளிகைக்கு மட்டும் போனேன். நீங்கள் சொன்ன மாதிரி ஒரே அறை, மேல்நாட்டுச் சாப்பாட்டு அறை. மேசையின் நீளத்தை எட்டி வைத்து அளந்தான். "இவ்வளவு பேருக்கும் சூடாகச் சோறு வரணும்னா அடுப்படியிலிருந்து எத்தனை பேர் ஓடியிருக்கணும்ப்பா?" என்றான். இரண்டு பேருமாகப் பின்கட்டு வரை நடந்து எண்ணிப் பார்த்தோம். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. நன்றி அண்ணே.

செந்தாழை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று நீல மாளிகைக்குப் போய் வந்துவிட்டோம். அடுத்துப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

லெய்த் ஸ்திரீட். அது இப்போது தங்கும் விடுதியாகவும் இருக்கிறது, அதனால் எல்லா அறைகளுக்குள்ளும் போக முடியாது. சுற்றிப் பார்க்க நேரமும் கட்டணமும் உண்டு, மாறிக்கொண்டிருக்கும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். 38 அறை, 5 முற்றம், 7 மாடிப்படி, 220 ஜன்னல். அம்மாவுக்குப் படி ஏற முடியவில்லை, பெரும்பாலும் கீழேயே இருந்தோம், அதுவே போதுமாக இருந்தது. நடுக்கூடத்தில் நாற்காலி கொடுத்தார்கள்.

வழிகாட்டிப் பெண்மணி நன்றாகச் சொன்னார். சியோங் பாட் ஸே 1840இல் குவாங்டோங்கில் பிறந்தவர், தண்ணீர் சுமந்து பிழைப்பைத் தொடங்கியவர் என்று சொல்வார்களாம். 1916இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இறந்தார். கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில். அந்த மகன் 1989இல் இறந்தார். அதற்குள் வீடு பாழாகி, ஒண்டுக்குடித்தனம் நிறைந்து, துணி காயப்போட்ட கயிறுகளும் பெயர்ந்த சுவருமாக இருந்திருக்கிறது. பினாங்கில் பழைய கட்டடங்கள் மேல் அக்கறை கொண்ட சிலர் சேர்ந்து வாங்கி, பழைய முறையிலேயே செப்பனிட்டார்கள். 2000இல் அதற்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. தண்ணீர் சுமந்தவர் என்றதும் அம்மா என் பக்கம் திரும்பி, "எங்கப்பா மாதிரி" என்றார்.

கூரை விளிம்பில் பூவும் பறவையும் மனிதரும் இருக்கிறார்கள். எல்லாம் வண்ணப் பீங்கான் கிண்ணங்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியவை. ஒரு பறவையின் சிறகில் ஒவ்வொரு இறகும் ஒரு கிண்ணத் துண்டு, வளைவு மேல்நோக்கி. கீழே நின்று பார்த்தால் ஈரமாக இருப்பது மாதிரி மின்னுகிறது.

ஆனால் அம்மாவைப் பிடித்து நிறுத்தியது சுவர்தான். அந்த நீலம் பெயிண்ட் இல்லை. சுண்ணாம்பில் அவுரி நீலத்தைக் கலந்து பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பு என்றால் சுவர் மூச்சு விடும், உள்ளே ஏறும் ஈரம் வெளியே வந்துவிடும், நம் ஊர் மழைக்கு அதுதான் சரி. பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று சுவர் உரியும். அந்தக் காலத்தில் அவுரி நீலம் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது என்றார் வழிகாட்டி. அம்மா, "நம்ம வெள்ளை வேட்டிக்குப் போடுற நீலமா?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்மணிக்கு ரொம்பச் சந்தோஷம். கடை நீலம் வருவதற்கு முன்னால் அவுரிதான் நீலம் என்று அம்மா தம் பாட்டி சொல்லக் கேட்ட கதையை அங்கேயே சொன்னார். செடியைத் தொட்டியில் ஊறப்போட்டு, தண்ணீரை அடித்து அடித்துக் கலக்குவார்களாம். முதலில் பச்சையாகத் தெரியும், அடிக்க அடிக்க நீலம் அடியில் இறங்கும், வடிகட்டிக் கட்டியாக வெட்டிக் காயப்போடுவார்களாம். கூட வந்த வெள்ளைக்காரக் குடும்பமும் நின்று கேட்டது.

கிளம்பும்போது வெளிச்சுவரோரம் அம்மா ஒரு விரலை மட்டும் வைத்து எடுத்தார். விரல் நுனியில் லேசாக நீலம். கிராப்பில் ஏறிய பிறகும் அதைத் துடைக்கவில்லை.

வரும் வழியில் நார்தம் ரோடு வழியாக விடச் சொன்னேன். பால் ஊற்றிய வீடுகள் பாதிக்கு மேல் இல்லை, உயரக் கட்டடங்கள் வந்துவிட்டன. இரண்டை அடையாளம் காட்டினார். ஒன்றில் கேட் பூட்டியிருந்தது.

பத்துகாஜா தம்பி, உங்கள் பதிவையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். கோட்டை அப்புறம், முதலில் மாரியம்மன் கோயில் என்கிறார். அபிஷேகத்துக்குத் தம் கையால் பால் கொண்டு வர வேண்டுமாம். பினாங்கிலிருந்து விடியற்காலை கிளம்பினால் ஒன்பதரைக்குள் வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். நடை எத்தனை மணி வரை திறந்திருக்கும்? பால் அங்கே வாங்கலாமா, இங்கிருந்தே கொண்டு வர வேண்டுமா?

பத்துகாஜா பேரன் எழுதியது:

அக்கா, வருவதற்கு இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள், பூசாரியிடம் நேரம் கேட்டு வைக்கிறேன். பால் கொண்டு வர வேண்டாம். எங்கள் தெருவில் இன்னும் ஒருவர் மாடு வைத்திருக்கிறார். அம்மா வந்ததும் அவர் வீட்டுக்குப் போய், கறந்த பாலாகவே வாங்கிக்கொண்டு போகலாம்.